குடியனின் வாக்குமூலமும் இல்லாளின் குரலும்

குடியின் கேட்டைத் தமிழ்ச் சான்றோர் நெடுங்காலமாகக் கடிந்துரைத்து வந்துள்ளனர். வள்ளுவர் கள்ளுண்ணாமைக்குத் தனி அதிகாரமே வகுத்தார். ஆயினும், குடித்தவனே தன் கதையைக் கூறப் புகுந்தால் அதனை எவ்வளவு நம்பலாம்? இவ்வினாவை எழுப்பும் அச்சச் சிறுகதை ஒன்று 1843ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்தது. எட்கர் ஆலன் போ எழுதிய ‘கருப்புப் பூனை’ என்பதே அது.

அந்நாளில் அங்கே மதுவிலக்கு இயக்கம் ஓங்கி நின்றது. 1840இல் பால்டிமோர் நகரில் தோன்றிய வாஷிங்டனியர் சங்கத்தின் மேடைகளில், குடியை விட்டவர்கள் தம் வீழ்ச்சியையும் மீட்சியையும் தாமே எடுத்துரைத்தனர். போ அந்த வாக்குமூல வடிவத்தை ஏற்று, மீட்சியை மட்டும் நீக்கிவிட்டார்.

தூக்கிலிடப்படுவதற்கு முந்திய நாளில் ஒரு கொலைஞன் தன் கதையைச் சொல்கிறான். குடியே தன் இயல்பைத் திரித்தது என்கிறான். வெறியில் வளர்ப்புப் பூனையின் கண்ணைத் தோண்டியவன், பின்னர் அதனைத் தூக்கிலிட்டது தெளிந்த அறிவோடு என்பதையும் தன்னையறியாமல் உரைத்துவிடுகிறான். வேறொரு பூனையின்மேல் ஓங்கிய கோடரியை மனைவி தடுக்க, அவளையே வெட்டி நிலவறைச் சுவருக்குள் வைத்துப் பூசுகிறான். பழியையோ பூனையின்மேல் சுமத்துகிறான். அவளுக்காக ஒரு சொல்லும் இரங்குவதில்லை. கதை முழுவதிலும் அவளுக்குப் பெயரே இல்லை. அவனுடைய குற்றவுணர்வு அவன் சொல்லில் இல்லை. காவலர் முன்னிலையில் அச்சுவரை வலியத் தட்டிக் காட்டும் கையில்தான் இருக்கிறது.

நம் நாட்டிலும் மதுவிலக்குக்குக் கதை துணை நின்றது. திருச்செங்கோட்டை அடுத்த காந்தி ஆசிரமத்திலிருந்து இராஜாஜி நடத்திய ‘விமோசனம்’ இதழில் கல்கி உடனுழைத்தார். இராஜாஜி சென்னை மாகாண முதல்வரானபின் 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. அடுத்த ஆண்டு அதே நாளில் அது சித்தூர் மாவட்டத்திற்கும் பரவியது. தமிழும் தெலுங்கும் கலந்து வழங்கும் நகரி, விஜயபுரம் பகுதிகளிலும் கள்ளுக்கடைகளைச் சட்டம் அடைத்தது. போர்க்காலத்தில் அச்சட்டம் கைவிடப்பட்டு, விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில் மீண்டும் வந்தது.

சித்தூரை அடுத்த நெல்லூர் மாவட்டத்தில் 1992இல் மற்றொரு கதை வரலாறு படைத்தது. தூபகுண்டா என்னும் சிற்றூரில், எழுத்தறிவு வகுப்பின் பாடநூலில் சாராயத்தால் அல்லலுற்ற சீதம்மா என்னும் பெண்ணின் கதை இடம்பெற்றிருந்தது. அதனைக் கற்ற பெண்கள் அதில் தம் வாழ்வையே கண்டனர். திரண்டு சென்று சாராயக்கடையை மூடச் செய்தனர். அக்கிளர்ச்சி மாநிலமெங்கும் படர்ந்தது. 1995இல் ஆந்திரத்தில் முழு மதுவிலக்கு வந்தது. 1997இல் அது தளர்த்தப்பட்டது.

இவ்விரு கதைகளையும் அருகருகே வைத்து நோக்குதல் தகும். போவின் கதையில் கணவன் பேசுகிறான்; மனைவி சுவருக்குள் இருக்கிறாள். தூபகுண்டாவின் கதையிலோ அவளுக்குப் பெயர் உண்டு. அவள் பாடு பேசப்படுகிறது. சட்டங்கள் வந்தும் போயும் உள்ளன. குடியின்மேல் பழிபோட்டுத் தான் தப்ப முயலும் பேச்சு மட்டும் எந்நாட்டிலும் மாறவில்லை. கடல் கடந்து வாழும் நம் இல்லங்களுக்கும் இது பொருந்தும். குடித்தவன் கதையைக் கேட்போர், அக்கதையில் பேசாதிருப்பவர் யார் என்றும் வினவுதல் வேண்டும்.