யாழ்ப்பாணச் சமய வாதங்களில் தருக்கமும் நம்பிக்கையும்

19 ஆம் நூற்றாண்டு யாழ்ப்பாணத்திலே கிறிஸ்தவருக்கும் சைவருக்குமிடையே நிகழ்ந்த வாதங்களை மதமாற்றம், மறுமலர்ச்சி என்னும் இரு சொற்களுள் அடக்கிவிடுதல் எளிது. கிறிஸ்தவ நம்பிக்கையை நியாயத்தால் நிறுவ முற்பட்ட மிஷனரிமார் எதனை நிறுவினர், எதனை நிறுவாது விட்டனர் என்பதை ஈண்டு நோக்குவோம்.

அமெரிக்க மிஷனரிமார் 1823 இல் நிறுவிய வட்டுக்கோட்டைச் செமினரியில் கணிதமும் வானியலும் சமயக் கல்வியோடு இணைத்துக் கற்பிக்கப்பட்டன. இயற்கையின் ஒழுங்கை அறிந்தவன் அதனை வகுத்த இறைவனை அறிவான். அவனை அறிந்தவன் விவிலியத்தை ஏற்பான் என்பதே இவ்விணைப்பின் உட்கிடை. 1829 இல் நிகழ்ந்த சந்திர கிரகணம்பற்றிய பஞ்சாங்கக் கணிப்பிற் பிழையுண்டென அதிபர் டானியல் பூவர் முன்கூட்டியே எடுத்துக்காட்டினார். கிரகணம் அவர் கணிப்புக்கே இயைந்தது. ஆயின் பஞ்சாங்கக்காரரும் கணித்தே கூறியவர். இருவரும் வேறுபட்டது அளவிலேயாம். கணிப்பின் திருத்தத்திலிருந்து கிறிஸ்துவின் இறைத்தன்மைக்குச் செல்லத் தருக்கத்தில் வழியில்லை.

கடவுள் உண்டு என்பதற்கான வாதமும் இத்தகையதே. கடிகாரத்தின் அமைப்பு அதனைச் செய்தவனைக் காட்டுவதுபோல உலகின் அமைப்பு இறைவனைக் காட்டும் என்பது 1802 இல் வெளிவந்த வில்லியம் பேலியின் நூலிற் காணும் வாதம். மண்ணிலிருந்து குடம் தோன்றக் குயவன் வேண்டுமாறுபோல உலகு தோன்ற ஒரு நிமித்தகாரணன் வேண்டுமெனச் சிவஞானசித்தியார் அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே வாதிட்டது. குயவனுக்கு மண் வேண்டும். சித்தாந்தத்தில் இறைவன் மாயையிலிருந்தே உலகைத் தோற்றுவிக்கிறான். கிறிஸ்தவர் கூறுவதோ இன்மையிலிருந்து படைத்தல். இவ்வேறுபாடு பெரிது. எனினும், உலகுக்கு ஒரு கருத்தா உளன் என்பதைச் சைவருக்கு நிறுவவேண்டிய தேவையே இருக்கவில்லை.

எனவே பிணக்கு வேதத்தையும் வழிபாட்டையும் பற்றியதாயிற்று. பீற்றர் பேர்சிவலின் விவிலிய மொழிபெயர்ப்புக்குத் துணைநின்ற ஆறுமுக நாவலர் 1854 இல் சைவதூஷண பரிகாரத்தை வெளியிட்டார். சைவக் கிரியைகளைப் பழிப்போரின் பழைய ஏற்பாட்டிலேயே ஆலயமும் தூபமும் தீபமும் உள்ளன என்பது அவரது வாதத்தின் வலிமை. இவ்வாதம் எதிராளியின் முரண்பாட்டைக் காட்டுகிறது. சைவத்தின் உண்மையை அதுவும் தனித்து நிறுவுவதன்று. செமினரியில் உருவான கரோல் விசுவநாதபிள்ளை சுப்பிரதீபம் எழுதி நாவலரை மறுத்தார். பின்னர் அவரே சைவரானார். அதே செமினரியிற் கற்ற சி. வை. தாமோதரம்பிள்ளையும் சைவத்துக்கு மீண்டார்.

செமினரி 1855 இல் மூடப்பட்டது. ஆங்கிலக் கல்வி மதமாற்றத்திலும் பார்க்க உத்தியோகத்துக்கே வழிவகுத்தது என்பது அமெரிக்கத் தலைமையகத்தின் கவலைகளுள் ஒன்று. மாணவரிற் பெரும்பாலோர் வேளாளர் என்பதையும் நாம் மறத்தலாகாது. நாவலரோ சாதியாசாரத்தைப் பேணியவர். பிறர் வேதத்தையும் பிறர் கிரியையையும் இத்துணைக் கூர்மையாக வினாவிய தருக்கம் சாதிக்கு எதிரே தளர்ந்து நின்றது.

நியாயங் கேட்கும் பயிற்சி எவருக்கும் தனியுடைமையன்று. அதனைக் கற்பித்தோரையும் அது வினாவும். மிஷனரிமார் எதிர்பாராது விட்டுச் சென்ற பயன் இதுவேயாகும். அவ்வினாவைச் சமய எல்லைக்கு அப்பாலும் சமுதாயத்தை நோக்கியும் எழுப்புவது பின்வந்தோரின் பொறுப்பாயிற்று.