எதிரிக்கு வீடு கட்டும் நெற்பயிர்

மேகமலைத் தேயிலைச் சரிவுகளிலிருந்து சின்னமனூருக்கு இறங்கும்போது, கம்பம் பள்ளத்தாக்கின் வயல்கள் கீழே விரிந்து கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். 1895-இல் திறக்கப்பட்ட பெரியாறு அணையின் நீரால் இருபோகம் காணும் வயல்கள் அவை. நெல் தூர்விடும் பருவத்தில் வரப்பில் நின்று உற்று நோக்குங்கள். ஏதேனும் ஒரு தூரில் வெங்காயத்தாள் போன்ற வெளிறிய குழல் நீண்டிருந்தால், அதில் இனிக் கதிர் வராது. உழவர் இதை ஆனைக்கொம்பன் என்பர்.

குழலைப் பிளந்தால் உள்ளே புழுவோ கூட்டுப்புழுவோ இருக்கும். கொசுவளவே உள்ள ஓர் ஈயின் இளம்பருவம் அது. வீடு புழுவுடையது, கட்டிக்கொடுத்ததோ நெற்பயிர்!

இந்த விந்தை அறிஞர்களையும் ஏமாற்றியது உண்டு. குழந்தைகளுக்கு உரைத்துக் கொடுக்கும் மாசிக்காயை அறிவீர்கள். பெயர்தான் காய், உண்மையில் ஓக் மரத்தில் சிறு குளவி உண்டாக்கும் புடைப்பு அது. அழுகிய இறைச்சியில் புழு தானாகத் தோன்றுவதில்லை, ஈயின் முட்டையிலிருந்தே வருகிறது என்று 1668-இல் சோதித்து நிறுவியவர் இத்தாலியின் பிரான்செஸ்கோ ரெடி. அவரே, மரப்புடைப்புக்குள் இருந்த புழுவை மரத்தின் உயிராற்றல்தான் ஈன்றது என்று எழுதிவிட்டார்! அவரைக் குறை சொல்வானேன்? வாசலே இல்லாத உருண்டைக்குள் புழுவைக் கண்டால் நாமும் அப்படித்தான் எண்ணியிருப்போம். ஓக் மொட்டில் பூச்சி முட்டையிடுவதைத் தம் கண்ணால் கண்டு, 1679-இல் உண்மையை விளக்கியவர் மால்பிகி.

நம் நெல் ஈக்கு 1889-இல் அறிவியல் பெயரிட்டவர் கல்கத்தா அருங்காட்சியகத்தின் உட்-மேசன். இலையில் இட்ட முட்டையிலிருந்து வரும் புழு, இலையுறைக்குள் ஊர்ந்து குருத்தின் வளர்நுனியை அடைகிறது. அது அங்கே உமிழ்நீரைச் செலுத்தி உண்ணத் தொடங்கியதும், பயிரின் வளர்ச்சி திசைமாறுகிறது. கதிராக வேண்டிய தூர் குழலாகிறது. முதுகு முட்களால் மேலேறும் கூட்டுப்புழு நுனியருகே துளையிட, ஈ பறந்துவிடும்.

எல்லா நெல்லும் ஏமாறுவதில்லை. 'ஈசுவரகோரா' என்ற பழைய தெலுங்கு நாட்டு நெல்லில் புழு பிழைப்பதில்லை. அதன் வழியில் வாரங்கலில் உருவான டபிள்யு 1263-ஐ ஐ.ஆர். 8-உடன் இணைத்து வந்ததே மதுரையின் எம்.டி.யு. 3. ஈயும் சும்மா இருக்கவில்லை. இந்தியாவில் இதன் ஏழு உயிர்வகைகள் அறியப்பட்டுள்ளன. ஒன்றை வெல்லும் நெல் மற்றொன்றிடம் தோற்கிறது.

ஈக்கும் ஓர் எதிரி உண்டு. பிளாட்டிகேஸ்டர் என்னும் நுண்குளவி புழுவுக்குள்ளேயே வளர்ந்து அதைத் தின்று தீர்க்கிறது. ஆகவே குழல்களையெல்லாம் பிடுங்கி எரித்துவிடாதீர்கள். குளவி குடியேறிய குழல்களைப் புதிதாக நட்ட வயலில் 10 சதுர மீட்டருக்கு ஒன்றாக இட வேளாண்துறையினர் சொல்கின்றனர்.