வாயில்

கணினிகளை ஒன்றோடொன்று கோத்து வலையாக்கும் பொறியாளர் நாள்தோறும் சொல்லும் சொல் 'கேட்வே'. ஒரு வலையிலிருந்து வெளியே போக எந்தக் கருவியைத் தாண்ட வேண்டுமோ, அந்தக் கருவியின் பெயர் அது. நம் கலைச்சொல்லாளர் அதை 'நுழைவாயில்' என்றார்கள். சொல்லன்பர்களே, இதில் 'நுழை' மிகை என்பது என் துணிபு. வாயில் என்ற ஒரு சொல்லே போதும். அச்சொல்லின் அடுக்குகளைப் பிரித்துப் பார்த்தால் நீங்களும் உடன்படுவீர்கள்.

இல்லின் வாய் 'இல்வாய்' ஆக வேண்டும். முன்பின்னாகி 'வாயில்' என நின்றது. நகர்ப்புறம் புறநகர் ஆனதும், கால்வாய் வாய்க்கால் ஆனதும் இதே நடைதான். புதுச்சேரியின் பாகூர் ஏரிக்குத் தென்பெண்ணையின் நீரைக் கொண்டுவரும் பங்காரு வாய்க்காலிலும் இந்த வாய்தான் திறந்திருக்கிறது. (அது பிரியும் இடம் சொர்ணாவூர். வடமொழிப் பொன்னிலிருந்து புறப்பட்டுத் தெலுங்குப் பொன்னாக ஓடிவருகிறது நீர்!) பேச்சில் யகரம் சகரமாகி முயல் முசலானது, உயிர் உசுரானது, வாயிலும் வாசலானது. வில்லியனூர்த் திருக்காமீசுவரர் கோயிலில் எழுதுவது கோபுரவாயில், சொல்வது கோபுரவாசல்.

இதுவரை கண்டது கதவு நிற்கும் இடம். இன்னும் ஓர் அடுக்கு உண்டு. ஊடல் கொண்ட தலைவியிடம் தலைவன் நேரே போக முடியாதபோது இடையில் நின்று பேசுபவர் யார்? தொல்காப்பியம் கற்பியலில் தோழி, பார்ப்பான், பாங்கன், பாணன், விறலி என்று ஒரு நிரையே அடுக்கி, அவர்களை 'வாயில்கள்' என்கிறது. இடம் ஆளாகிவிட்டது. ஒருவர் சொல்லை இன்னொருவரிடம் சேர்க்கும் ஆள் வாயில். 'இன்னார் வாயிலாக அறிந்தேன்' என்று இன்றும் எழுதும்போது, கதவையன்றி இந்த ஆளைத்தான் நினைவின்றியே நினைக்கிறோம்.

இந்த இரண்டாம் பொருளை மனத்தில் வைத்துக்கொண்டு கணினி வலைக்கு வாருங்கள். 'சப்நெட்' என்பதைத் துணைவலை என்போரும் உண்டு. பெரிய முகவரிப் பரப்புக்குள்ளே வகுத்த சிறு பரப்பு என்பதால் உள்வலை என்பதே எனக்கு உவப்பு. 1985இல் இணைய நெறிமுறை ஆவண வரிசையில் 950ஆம் இலக்கமாக வந்த ஆவணம் இந்த வகுப்பை நெறிப்படுத்தியது. ஓர் உள்வலையில் இருப்பவை ஒன்றின் கூவலை மற்றொன்று கேட்கும் என்பது அடிப்படை. 'இந்த முகவரி யாருடையது?' என்று ஒரு கணினி எல்லாருக்கும் கேட்கக் கூவும், உரியது தன் வன்பொருள் எண்ணைச் சொல்லும், பேச்சு தொடங்கும். பின்னர் 'விலேன்' வந்தது. கம்பியும் கருவியும் ஒன்றாகவே இருக்க, வெறும் குறியீட்டாலேயே கணினிகளைத் தனித்தனிக் கூட்டங்களாகப் பிரிக்கும் முறை அது. அதற்கு வாய்த்த தமிழ் 'மெய்நிகர் வலை'. மெய் என்றால் உடல், மெய் என்றால் உண்மை. தனிக் கம்பி என்னும் உடல் இல்லாமலே தனி வலையாக உண்மையில் இயங்கும் ஒன்றுக்கு இதைவிடப் பொருந்தும் பெயர் ஏது?

ஒரு மெய்நிகர் வலைக்கு ஓர் உள்வலை என்பதே வழக்கம். பாகூரில் ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது என்று கொள்வோம். அலுவலகம், ஆய்வகம், நூலகம் எனக் கூட்டங்களைப் பிரித்தால், ஒவ்வொன்றுக்கும் தனி முகவரிப் பரப்பு வேண்டும். ஒவ்வொரு பரப்பிலும் வலையின் பெயருக்கு ஒன்று, பொதுக்கூவலுக்கு ஒன்று, வாயிலுக்கு ஒன்று என மூன்று முகவரிகள் கழியும். 256 முகவரிகளை எட்டெட்டாக 32 துண்டுகளாக்கினால் 96 முகவரிகள் இப்படியே போய்விடும். 2001 பிப்ரவரியில் வெளிவந்த 3069ஆம் ஆவணம் வேறு வழி காட்டியது. பல மெய்நிகர் வலைகள் தனித்தனியாகவே இருக்கட்டும். அவற்றின் மேல் ஒரே உள்வலையை விரித்து, எல்லாவற்றுக்கும் ஒரே வாயிலை வையுங்கள். கழிவது மூன்றே, 253 முகவரிகள் எல்லாருக்கும் பொதுவாக நிற்கும்.

பிரிக்கும் அடைப்பு வேறு, முகவரி எண் வேறு என்ற இந்தக் கருத்து, புதுச்சேரியின் ஊராட்சிப் பகுதிகளான கொம்யூன்களில் வாழும் எங்களுக்குப் புதிதன்று. 1783ஆம் ஆண்டின் வெர்சாய் உடன்படிக்கை புதுச்சேரியைச் சுற்றிய சார்பு நிலமாக வில்லியனூரையும் பாகூரையும் பிரெஞ்சுக்காரருக்கு உறுதி செய்தது. இன்றும் புதுச்சேரி நிலம் தமிழக நிலத்தால் ஊடறுக்கப்பட்ட துண்டுகளாகவே கிடக்கிறது. அஞ்சல் எண்களோ இந்த எல்லையைப் பார்ப்பதில்லை. வில்லியனூருக்கு 605110, அதே 605 எல்லை தாண்டி விழுப்புரத்தில் 605602 ஆகிறது. பாகூரோ புதுச்சேரிக்குள் இருந்துகொண்டே கடலூரின் 607 வரிசையில் 607402 எனச் சேர்ந்திருக்கிறது. 'கொம்யூன்' என்ற பெயருக்கே மூலம் 'பொது' எனப் பொருள்படும் இலத்தீன் சொல். பிரெஞ்சு ஆட்சி வழியாக வந்து, 1973ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டத்திலும் நிலைத்துவிட்டது.

பள்ளிக்கு விரித்த பொது உள்வலையில் ஓர் இடர் உண்டு. ஆய்வகக் கணினி, நூலகக் கணினியின் முகவரியைப் பார்த்து 'இது நம் உள்வலைதானே' என்று நம்பிக் கூவுகிறது. இடையில் அடைப்பு; நூலகத்துக்கு அக்கூவல் கேட்பதே இல்லை. இருவரும் ஒரே முகவரிப் பரப்பில் இருந்தும் ஊமைகள். அங்கேதான் வாயில் முன்வருகிறது. கூவலைத் தானே கேட்டு, நூலகத்துக்காகத் தன் வன்பொருள் எண்ணைச் சொல்லி, செய்தியை வாங்கி உரிய இடத்தில் சேர்க்கிறது. 1987இன் 1027ஆம் ஆவணம் விவரித்த இவ்வழக்கத்தின் பெயரில் உள்ள 'பிராக்சி'யைத் தமிழில் 'பதிலி' என்கிறார்கள். பதில் என்பதே 'பதல்' என்னும் அரபுச் சொல் இங்கு வந்து குடியேறியது. வந்த சொல்லை நான் வெறுக்கவில்லை. ஆனால் ஒருவருக்காக நின்று பேசி, சொல்லைக் கொண்டுசேர்க்கும் ஆளுக்குத் தொல்காப்பியர் காலத்திலேயே பெயர் இருக்கும்போது, புதிய பெயர் எதற்கு? இங்கே கருவி கதவாகவும் நிற்கிறது, தூதாகவும் நிற்கிறது. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லும் சொல் நம்மிடம் இருக்கிறது.

அந்த வாயில் எல்லாரையும் எல்லாரிடமும் சேர்த்துவிடுவதும் இல்லை. ஆய்வக மாணவர் அலுவலகக் கணக்கைத் தொடக்கூடாது என்றால், அக்கட்டளையை வாயிலில்தான் எழுத வேண்டும். பொறியாளர் அங்கே 'பெர்மிட்' (அனுமதி), 'டினை' (மறு) என்று வரி வரியாக இடுவார். அகப்பாடல்களின் துறைகளில் தோழி தூதை ஏற்பது 'வாயில் நேர்தல்', ஏற்க மறுப்பது 'வாயில் மறுத்தல்'. அந்தக் கட்டளை வரிகளைத் தமிழில் எழுதும் நாளில் இவ்விரண்டையும் அப்படியே எடுத்து இடலாம். பொருள் ஓர் இம்மியும் பிசகாது.