ஐந்து சென்ட் வாக்கு

வாக்குறுதிகளை மனிதர் கல்லில் பொறித்ததுண்டு, செப்பேட்டில் வரைந்ததுண்டு. கனடா நாட்டு நகரம் ஒன்றோ தன் வாக்குறுதியை ஒரு குடைராட்டினத்தின் கட்டணத்தில் காத்து வருகிறது. அதன் வரலாறு நம் சிந்தனைக்கு உரியது.

ஒன்டாரியோ ஏரியின் தென்கரையில், செயின்ட் கேத்தரின்ஸ் நகரின் ஒரு பகுதியாக விளங்குவது போர்ட் டல்ஹவுசி. 1829இல் திறக்கப்பட்ட வெல்லண்ட் கால்வாய் ஏரியோடு கூடிய இடம் இதுவே. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மின்சார ரயில் நிறுவனம் ஒன்று, பயணிகளை ஈர்க்கும் பொருட்டு, இங்கு லேக்சைடு பார்க் என்னும் பொழுதுபோக்குப் பூங்காவை வளர்த்தது. டொரண்டோவிலிருந்து நீராவிக் கப்பலில் ஏரியைக் கடந்தும் மக்கள் வந்தனர்.

இப்பூங்காவுக்கு 1921இல் வந்து சேர்ந்தது அக்குடைராட்டினம். அதைச் செய்தவர் சார்லஸ் லூஃப். ஹோல்ஸ்டைன் நாட்டில் பிறந்து, 1870இல் அமெரிக்காவில் குடியேறியவர். பகலில் மரச்சாமான் தொழிற்சாலையில் உழைத்து, மாலையில் எஞ்சிய மரத்துண்டுகளில் விலங்குகளைச் செதுக்கினார். 1876இல் கோனி தீவின் முதல் குடைராட்டினத்தை நிறுவியவரும் அவரே. போர்ட் டல்ஹவுசி ராட்டினத்தில் குதிரைகளோடு சிங்கம், ஒட்டகம், ஆடு என அறுபதுக்கும் மேற்பட்ட உருவங்கள் உள்ளன.

இப்பூங்காவுக்கு மற்றொரு நினைவும் உண்டு. பிரித்தானியப் பேரரசில் அடிமை முறை 1834 ஆகஸ்டு முதல் நாளன்று ஒழிந்தது. அந்நாளை நினைவுகூர, 1924 முதல் பல்லாண்டுகள் கறுப்பின மக்கள் ஆகஸ்டுதோறும் இங்கே பெருந்திரளாகக் கூடினர். நிற வேற்றுமையால் பல வாயில்கள் அவர்களுக்கு அடைபட்டிருந்த காலம் அது. அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்தோரின் வழித்தோன்றல்கள் ஏரிக்கரையில் ஒரு நாளேனும் அச்சமின்றி மகிழ்ந்திருந்தனர்.

மோட்டார் வாகனம் பெருகியது; கப்பலும் ரயிலும் நின்றன. 1970ஐ ஒட்டிப் பூங்காவும் மூடப்பட்டது. அக்காலத்தில் வட அமெரிக்காவின் பழைய ராட்டினங்கள் பல பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு குதிரையாக ஏலத்தில் போயின. முழு ராட்டினத்தை விடத் தனித்தனி உருவங்களே அதிக விலை பெற்றன. இந்த ராட்டினத்துக்கும் அந்த இடர் இருந்தது. ஆயின் ஊரார் அதைப் போகவிடவில்லை. அது நகரத்தின் பொதுச் சொத்தாயிற்று. ஒரு சுற்றுக்கு 5 சென்ட்டுக்கு மேல் பெறலாகாது என்பதே நிபந்தனை. தன்னார்வலர்கள் உருவங்களின் பழுது நீக்கி, வண்ணம் தீட்டினர்.

2013இல் கனடா ஒரு சென்ட் நாணயத்தைக் கைவிட்டது. அதன்பின் 5 சென்ட்டே நாட்டின் மிகச்சிறிய நாணயம். 2021இல் ராட்டினம் அவ்வூருக்கு வந்து நூறாண்டு நிறைந்தது, கட்டணம் மாறவில்லை.

ஐந்து சென்ட் எதற்குப் போதும்? மின்சாரத்துக்கும் போதாது, வண்ணத்துக்கும் போதாது. கட்டணம் குறைவு என்றால் செலவு இல்லை என்பதன்று. அச்செலவைப் பெரியவர்கள் ஏற்றுக்கொண்டார்கள் என்பதே பொருள். ஏழைச் சிறுவன் வேலிக்கு வெளியே நின்று பார்த்துத் திரும்பக் கூடாது என ஒரு தலைமுறை விரும்பியது. அடுத்த தலைமுறை அதற்குத் தன் உழைப்பைக் கொடுத்தது.

நம் முன்னோரும் பள்ளி, படிப்பகம், மண்டபம் எனப் பொதுவுக்கென்று எத்தனையோ விட்டுச் சென்றுள்ளனர். அவற்றின் வாயிலில் இன்று நாம் கேட்கும் கட்டணம் எவ்வளவு? அதைக் கொடுக்க இயலாமல் வெளியே நிற்பவர் யார்?