அண்ணாபாவு சாட்டே: மக்கள் பாடகரும் ஆசிரியத்துவமும்

நாட்டார் பாடலுக்குத் தனியாசிரியர் இல்லை என்பது வழக்காற்றியலின் பழைய வரையறை. தாமே பாடல் கட்டித் தாமே பாடிய கலைஞருக்கு இவ்வரையறை பொருந்துமா என்னும் வினாவை, மும்பையின் மராத்தி மக்கள் பாடகர் அண்ணாபாவு சாட்டேயின் (1920–1969) வாழ்வை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

துகாராம் பாவுராவ் சாட்டே என்னும் இயற்பெயருடைய இவர், இன்றைய சாங்லி மாவட்டத்து வாடேகாவில் 1920 ஆகஸ்டு 1 அன்று, தீண்டாமைக்கு ஆளான மாங் சமூகத்தில் பிறந்தார். பள்ளிக்கல்வி ஏறத்தாழ வாய்க்கவில்லை. இளமையிலேயே குடும்பத்தோடு பம்பாய்க்கு நடந்து வந்தவர், கூலி வேலையும் ஆலை வேலையும் செய்தார். எழுத்தைத் தம் முயற்சியால் கற்றார். தாராவியை அடுத்த மாட்டுங்கா லேபர் கேம்ப் அவருடைய அரசியல் பயிற்சிக்களமாயிற்று. 1944இல் அமர் ஷேக், தத்தா கவாண்கர் ஆகியோருடன் ‘லால் பாவ்டா’ (செங்கொடி) கலைக்குழுவைத் தொடங்கினார்.

அவர் மரபை அப்படியே ஏற்கவில்லை. தமாஷாக் கூத்து பிள்ளையார் வணக்கத்துடன் தொடங்குவது வழக்கம். அவ்விடத்தில் அவர் தாய்மண்ணுக்கும் தியாகிகளுக்கும் வணக்கம் வைத்தார். பவாடா என்னும் வீரகதைப் பாடல் மன்னர் புகழ் பாடுவது. அவ்வடிவில் அவர் ஸ்டாலின்கிராட் போரைப் பாடினார். சம்யுக்த மகாராஷ்டிர இயக்கக் காலத்தில் அவர் இயற்றிய ‘மாஜி மைனா’ பாடலில், ஊரில் மனைவியை விட்டுவந்த தொழிலாளியின் பிரிவுத்துயர், மராத்தி நிலப்பகுதிகளின் பிரிவாக விரிகிறது. அகப்பொருளைப் புறப்பொருளாக்கும் இவ்வுத்தி, திணை மரபறிந்த தமிழாய்வாளர்க்குப் புதிதன்று. இம்மாற்றங்கள் யாவும் தனியொருவரின் தெரிவுகள் என்பது நோக்கத்தக்கது.

அதே கையே ‘ஃபகிரா’ (1959) நாவலையும் எழுதியது. அம்பேத்கருக்குக் காணிக்கையாக்கப்பட்ட அந்நாவல் 1961இல் மாநில அரசின் பரிசைப் பெற்றது. நாவலை இலக்கியம் என்றும் பாடலை வழக்காறு என்றும் பிரித்தால், ஒருவரின் படைப்புலகம் இரண்டாகத் துண்டிக்கப்படும்.

தமிழில் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரத்தின் (1930–1959) பாடல்கள் திரைப்படத்தின் வழியே பரவியதால் ஆசிரியர் பெயரும் உடன்சென்றது. மேடையிலும் போராட்டக் களத்திலும் பிறக்கும் பாடல்களுக்கு அத்தகைய காப்பு இல்லை. பெயர் மறைந்தபின் அவற்றை ‘மக்கள் பாடல்’ என வகைப்படுத்துவது எளிது. ஆனால் அவ்வகைப்பாடு, ஒடுக்கப்பட்ட கலைஞரின் அறிவுழைப்பை அவரிடமிருந்து பிரித்துவிடுகிறது.

எனவே கள ஆய்வில் பாடலின் சொல்லோடு, அதைக் கட்டியவர், பாடிய சூழல், செய்த மாற்றம் ஆகியவற்றையும் பதிவு செய்தல் இன்றியமையாதது. வாய்மொழியாகப் பரவியது என்பதனாலேயே ஒரு பாடல் ஆசிரியரற்றது ஆகிவிடாது என்பதற்குச் சாட்டேயின் வாழ்வு தக்க சான்றாகும்.