பாத்திக் போட்ட சோறு: சோழமண்டலமும் திருப்பூரின் சுவர்களும்

'கேலரி' என்றதும் வெள்ளைச் சுவர், மஞ்சள் விளக்கு, விற்றுப்போன படத்தின் ஓரத்தில் ஒரு சிவப்புப் பொட்டு. கலைக்கூடம் கலைஞரை 'ஆதரிக்கிறது', சமூகத்தோடு 'உறவாடுகிறது' என்கிறார்கள். இந்த ஆதரவு என்கிற சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. யார் யாருக்குச் சோறு போட்டார்கள் என்று கேட்டால் கதை தலைகீழாகிவிடும். தமிழ்நாட்டு நவீன ஓவியத்தின் கணிசமான பகுதிக்குச் சோறு போட்டது கலைக்கூடம் அல்ல, துணி. பனியன் ஊர்க்காரர்கள் இதைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

சென்னைக் கலைப்பள்ளி 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற டாக்டரால் தொடங்கப்பட்டபோதே தொழிலுக்கு ஆள் தயாரிக்கும் இடமாகத்தான் இருந்தது. 'சுயமான' நவீன ஓவியர்கள் அங்கிருந்து வருவார்கள் என்று யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். கே.சி.எஸ். பணிக்கர் 1957இல் முதல்வரானபோது பிரச்சினை வேறு மாதிரி ஆகியிருந்தது. படித்து வெளியே வருகிற பையன்கள் வரைகிறார்கள், வாங்க ஆளில்லை. பம்பாய்க்கும் டெல்லிக்கும் இருந்த சந்தை சென்னைக்கு இல்லை. ஒன்று விளம்பரக் கம்பெனி, இல்லையென்றால் டிராயிங் மாஸ்டர் வேலை. அதற்குள் ஓவியம் செத்துவிடும்.

பணிக்கரும் மாணவர்களும் கண்டுபிடித்த வழி பாத்திக். துணியில் சாயம் ஏறக்கூடாத இடத்தில் உருக்கிய மெழுகைத் தடவி, சாயத்தில் முக்கி, பிறகு வெந்நீரில் மெழுகை எடுத்துவிடுவது. ஒவ்வொரு நிறத்துக்கும் இதைத் திரும்பச் செய்ய வேண்டும். மெழுகு வெடித்த இடங்களில் நரம்பு போலச் சாயம் ஓடும். கைவினைச் சங்கம் ஒன்றை அமைத்து இப்படிச் செய்த துணிகளை விற்றார்கள். அந்தப் பணத்தில்தான் 1966இல் சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் சுமார் பத்து ஏக்கர் கடலோர மணல் நிலம் வாங்கப்பட்டது. மின்சாரம்கூட இல்லாத இடம். முப்பதுக்கும் மேற்பட்ட கலைஞர்கள் சேர்ந்து உருவாக்கிய அதற்குச் சோழமண்டலக் கலைஞர் கிராமம் என்று பெயர்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. பாத்திக் அவர்களுக்கு வருமானம் மட்டும் தரவில்லை, படத்தைச் சந்தையிலிருந்து தள்ளியும் வைத்தது. வயிற்றுக்குத் துணி இருந்ததால், வாங்குகிறவனுக்குப் பிடிக்கிற மாதிரி வரைய வேண்டிய கட்டாயம் குறைந்தது. பணிக்கர் 1963 வாக்கில் தொடங்கிய 'சொற்களும் குறியீடுகளும்' வரிசை அன்றைக்கு எந்த வரவேற்பறைச் சுவருக்கும் ஏற்ற சரக்கல்ல. கலைக்கூடம் பிறகுதான் வருகிறது. விற்பனையில் ஒரு பங்கு பொதுநிதிக்குப் போகும். ஆக, கலைக்கூடம் கலைஞர்களை உருவாக்கவில்லை. கலைஞர்கள் தங்கள் உழைப்பால் கலைக்கூடத்தை உருவாக்கினார்கள். புரவலர் யாரும் வந்து ரிப்பன் வெட்டி ஆரம்பித்துவைத்த கதை அல்ல இது.

சும்மா புகழவும் வேண்டாம். படம் விற்க ஆரம்பித்ததும் பாத்திக் பின்னுக்குப் போயிற்று. கைவினை ஏணி, ஓவியம் மாடி என்கிற படிநிலை அப்படியே நின்றது. கலைக்கல்லூரியில் படித்தவர் சாயத்தில் கை நனைத்தால் அது வரலாறு. தலைமுறை தலைமுறையாகச் சாயம் போடுகிறவர் நனைத்தால் அது ஜாதித்தொழில். இந்த வித்தியாசத்தைச் சோழமண்டலம் கேள்வி கேட்டதாகத் தெரியவில்லை. கூட்டு வாழ்க்கையும் எல்லோரையும் காப்பாற்றிவிடவில்லை. கனவுக்கோட்டைகளையும் தொப்பி போட்ட தன்னையுமே வரைந்துகொண்டிருந்த கே. ராமானுஜம் அங்கே வாழ்ந்தவர். 1973இல் தற்கொலை செய்துகொண்டார்.

அரசும் துணி வழியாகவே ஓவியருக்குச் சம்பளம் கொடுத்தது. ஐம்பதுகளில் புபுல் ஜெயகர் முன்கையெடுத்து உருவான நெசவாளர் சேவை மையங்களில் கே.ஜி. சுப்ரமணியன் பம்பாயிலும் ரெட்டப்ப நாயுடு சென்னையிலும் வேலை பார்த்தார்கள். இது நடந்தது கைத்தறிக்கு. பின்னலாடைக்கு அப்படி ஒரு அமைப்பு வரவில்லை. அங்கே டிசைன் வெளிநாட்டு பையரிடமிருந்து வந்தது.

திருப்பூரில் வரையத் தெரிந்தவர் இல்லையா? ஸ்கிரீன் பிரிண்டிங் பட்டறைகளில் போய்க் கேட்டுப் பாருங்கள். வந்த படத்தை நிறம் நிறமாகப் பிரிப்பவர், நீளமான டேபிளில் ஒரு நிறத்தின் மேல் அடுத்த நிறத்தை மயிரிழை விலகாமல் இறக்குபவர், எம்பிராய்டரிக்குக் கம்ப்யூட்டரில் தையல் தையலாக உருவம் போடுபவர். இரண்டாயிரத்துக்குப் பிறகு ஃபிளெக்ஸ் வந்து தட்டி எழுதும் தொழிலைத் தின்றபோது தூரிகை பிடித்த பலருக்கு வேறு வேலை தேடவேண்டி வந்தது. இவர்களுக்கும் துணிதான் சோறு போடுகிறது. ஆனால் சோழமண்டலத்தில் துணி நேரத்தை வாங்கிக் கொடுத்தது. இங்கே நேரத்தைத் தின்கிறது. பீஸ் ரேட், ஷிப்மெண்ட் தேதி, நைட் ஷிஃப்ட். கையெழுத்து போடுகிற இடத்தில் கம்பெனி லேபிள் இருக்கிறது. அந்நியமாதல் என்று தத்துவத்தில் படிப்பதை இங்கே காலரில் தைத்தே அனுப்புகிறார்கள்.

இலக்கியம் பரவாயில்லை. திருப்பூரிலிருந்து சுப்ரபாரதிமணியன் 'கனவு' நடத்தினார், 'சாயத்திரை' எழுதினார். எழுத்துக்குக் காகிதம் போதும், அச்சடிக்கக் கொஞ்சம் கடன் போதும். (சிறுபத்திரிகைகள் ஓவியருக்கும் சுவராக இருந்திருக்கின்றன, ஆதிமூலத்தின் கோடுகளை நம்மில் பலர் அட்டைகளில்தான் முதலில் பார்த்தோம்.) ஆனால் பஞ்சப்படி கேட்டு 1984இல் 127 நாள் நடந்த வேலைநிறுத்தத்துக்கும், நொய்யலில் ஓடிய சாயத்துக்கும், 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டு ஊர் ஸ்தம்பித்த நாட்களுக்கும் காட்சிவழி நினைவு எந்தச் சுவரில் இருக்கிறது?

கோவை அவிநாசி சாலையில் கஸ்தூரி சீனிவாசன் அறக்கட்டளையின் கலைக்கூடமும் ஜவுளி அருங்காட்சியகமும் சேர்ந்தே இருக்கின்றன. தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கமான சிட்ராவின் முதல் இயக்குநர் அவர். மில் முதலாளிகளின் நகரத்தில் துணியும் படமும் ஒரே கூரைக்குக் கீழ் வந்தது சின்ன விஷயமல்ல. என்றாலும் அது மேலிருந்து வந்த ஆதரவு. ஈஞ்சம்பாக்கம் கீழிருந்து வந்தது.

சோழமண்டலத்தில் 2009இல் சமகாலக் கலை மையம் திறந்து, சென்னை இயக்கத்துக்கான அருங்காட்சியகமும் வைத்தார்கள். வெளிக் கலைஞர்கள் வாடகைக்கு எடுத்துக் காட்சி வைக்க அங்கே அறைகள் உண்டு. ஒன்றின் பெயர் இண்டிகோ. அவுரிச் சாயம். திருப்பூரில் யாராவது நாளை ஒரு கலைக்கூடம் கட்டினால், ஏற்றுமதியாளர் சங்கத்தின் நன்கொடையைக் கேட்டுப் போவதற்கு முன்னால் நான்கு பிரிண்டிங் பட்டறைகளின் ஆட்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து, வாரத்தில் ஒருநாள் டேபிளை எங்களுக்காக விட முடியுமா, அந்த நாள் கூலிக்கு என்ன வழி என்று பேச வேண்டும்.