பீஜிங் பூங்காவும் பஞ்சுச் சட்டையும்

சீனர்களின் சீகோங் பயிற்சியை வீடியோவில் பார்த்திருப்பீர்கள். பூங்காவில் பெரியவர்கள் மெதுவாகக் கையை உயர்த்தி, மூச்சை இழுத்து, அப்படியே நிற்பார்கள். குளிர்காலம் என்றால் மெத்தையையே சுற்றிக்கொண்டு வந்தது போல ஒரு சட்டை.

அந்தச் சட்டைக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கு. வாங்க பார்ப்போம்.

நவீன சீகோங் பிறந்தது வெட்டவெளியில் இல்லீங்க. லியூ குய்ஜென் என்பவர் 1950களில் அதை மருத்துவமனைக்குள் கொண்டுவந்தார். 1954ல் டாங்ஷான், 1956ல் பெய்தாய்ஹே என்று தனி சானட்டோரியங்களே வந்தன. நோயாளி படுத்துக்கொண்டோ உட்கார்ந்துகொண்டோ செய்வார். தலைக்கு மேல் கூரை. உடை ஒரு பிரச்சினையே இல்லை.

கலாச்சாரப் புரட்சி வந்தது, எல்லாம் முடங்கியது.

1970களின் தொடக்கத்தில் இதைப் பூங்காவுக்குக் கொண்டுவந்தவர் குவோ லின். ஓவியர். கர்ப்பப்பைப் புற்றுநோயிலிருந்து மீண்டவர். நடந்துகொண்டே மூச்சு விடும் ஒரு முறையை உருவாக்கி, பீஜிங் பூங்காக்களில் புற்றுநோயாளிகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். (சீகோங் புற்றுநோயைக் குணமாக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. இதை நம்பி கீமோவை நிறுத்திடாதீங்க.)

இப்ப அந்த நோயாளிகளை யோசிச்சுப் பாருங்க. உடம்பில் சதை இல்லை. பீஜிங்கில் ஜனவரி மாத சராசரி வெப்பநிலையே பூஜ்ஜியத்துக்குக் கீழே. ஓடுகிறவருக்குத் தசையே அடுப்பு. மெல்ல நடப்பவருக்கு அந்த அடுப்பு எரிவதில்லை, உடைதான் காப்பாற்ற வேண்டும். துணியோ ரேஷன்! 1954ல் தொடங்கிய துணிக் கூப்பன் முறை 1983 வரை இருந்தது. பஞ்சுக்கும் கூப்பன்தான். அதனால் ஒரே சட்டை வருஷக்கணக்கில் உழைக்கணும். உள்ளே பஞ்சு இறுகிவிட்டால் பிரித்து, வில் போட்டுக் கொட்டி, மறுபடி அடைப்பார்கள்.

ஏன் கொட்டணும்? சூடு தருவது பஞ்சு இல்லை. அதற்குள் சிக்கியிருக்கும் காற்று. பஞ்சு இறுகினால் காற்று போச்சு, காற்று போனால் சூடும் போச்சு.

பீஜிங்கில் இது பலித்ததற்கு இன்னொரு காரணம், அங்கே குளிர்காலம் காய்ந்த காலம். மழை பெரும்பாலும் கோடையில்தான். அதே சட்டையோடு ஷாங்காய் பக்கம் குளிர்காலத் தூறலில் நின்றால் கதை வேறு. காற்று இருந்த இடத்தில் தண்ணீர் புகுந்துவிடும். தண்ணீர் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். தென்சீன விவசாயிகள் மழையில் பனைநார் மேலங்கியும் மூங்கில் தொப்பியும் போட்டார்கள். மழை நார் வழியே வழிந்துவிடும், உள்ளிருக்கும் வியர்வை ஆவியும் வெளியேறும். அந்தக் காலத்து ரெயின்கோட், அதுவும் மூச்சு விடும் ரெயின்கோட்!

ஈரக் குளிரின் ஆபத்து மருத்துவ உலகத்துக்கு உறைத்தது இங்கிலாந்தில். 1964 மார்ச்சில் டெர்பிஷயர் மலைப்பகுதியில் ஒரு நடைப் போட்டி. மழையும் காற்றும். மூன்று இளைஞர்கள் இறந்துபோனார்கள். 1953 எவரெஸ்ட் குழுவில் இருந்த மருத்துவர் கிரிஃபித் பியூ அதை ஆராய்ந்து அதே ஆண்டு லான்செட் இதழில் எழுதினார். ஈரத்துணி, காற்று, களைப்பு மூன்றும் சேர்ந்தால் திடகாத்திரமானவரும் தாங்கமாட்டார். பிறகு அவரே ஆய்வகத்தில் நனைந்த உடையைச் சோதித்தார். ஈரமும் காற்றும் சேர்ந்தால் உடையின் காப்பு பெருமளவு போய்விடுகிறது என்று தெரிந்தது.

வேகமாக நடந்தவர்களுக்கே இந்த நிலை. நின்றபடி மூச்சுப் பயிற்சி செய்யும் 70 வயதுக்காரருக்கு?

குளிர் நாட்டில் இருக்கும் உறவுகளுக்காகச் சொல்றேன். உடம்போடு ஒட்டும் துணி பருத்தி வேண்டாம், கம்பளி அல்லது பாலியஸ்டர். அதன்மேல் ஃப்ளீஸ். வெளியே மழையும் காற்றும் புகாத மெல்லிய ஜாக்கெட். இடுப்பில் இறுக்கம் கூடாது, வயிறு விரிந்து மூச்சு வாங்கணுமே. தலைக்குத் தொப்பி, பையில் மாற்று சாக்ஸ். உடை நனைந்துவிட்டால் பயிற்சியை அத்தோடு விட்டுவிட்டு வீட்டுக்குப் போய் மாற்றுங்கள்.

நடுக்கம் நின்று பேச்சு குழறினால் "குளிர் பழகிடுச்சு"ன்னு நினைக்காதீங்க. உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க. வீட்டில் இருக்கும் பழைய பாதரச தெர்மாமீட்டரை நம்பவும் வேண்டாம். அது 35 டிகிரி செல்சியஸில்தான் தொடங்கும். ஹைப்போதெர்மியா அதற்குக் கீழேதான் ஆரம்பம்.